உன் பக்கத்தில் யார் நின்றார்கள்?

கண்ணம்மா,

கணுக்கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வற்றியதா? ஓடி முடித்ததும் ஐஸ் வைக்க மறக்காதே. நாங்கள் நலம். சித்தப்பா வந்திருந்தார், உன்னைக் கேட்டார். பயிற்சியில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

நீ அனுப்பாத போட்டோவைப் பேப்பரில் பார்த்தேன். பதக்கத்துக்கு முன்னால் உன் கையில் சுற்றியிருந்த கறுப்பு டேப்தான் கண்ணில் பட்டது. இரண்டு சுற்று, ஓரம் பிய்ந்து தொங்குகிறது. ஆண்களுக்குத் தரும் அதே பரிசுத் தொகையைக் கேட்டு அதைச் சுற்றினீர்களாம். கேட்க வேண்டியதுதான். ஓடுகிற தூரம் ஒன்று, படுகிற பாடும் ஒன்று. ஆனால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா அந்தப் பேப்பரை அக்கம்பக்கமெல்லாம் காட்டிவிட்டு, உள்ளே வந்து, நான் கொடுத்த செல்லம்தான் என்று என்னைத் திட்டுகிறாள்.

யாராவது ஏதாவது காகிதம் நீட்டினால் தனியாகக் கையெழுத்துப் போடாதே.

அமெரிக்க ஓப்பன் டென்னிஸில் பெண்களுக்குச் சம பரிசு 1973-லேயே வந்துவிட்டது. டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் அதே வருஷம் வீராங்கனைகளைத் திரட்டிச் சங்கமும் அமைத்தார். அப்படியும் விம்பிள்டன் இறங்கிவர 2007 ஆனது. அவ்வளவு காலம் உன் கால்கள் காத்திருக்குமா என்றுதான் யோசிக்கிறேன்.

அப்புறம், நீ சுவரில் ஒட்டிவைத்த அந்த 1968 மெக்சிகோ ஒலிம்பிக் படம். அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனவெறியை எதிர்த்துப் பதக்க மேடையில் கறுப்புக் கையுறையோடு கையை உயர்த்தி நிற்பார்கள். உனக்கு அவர்கள்தான் தெரிவார்கள். என் கண் பீட்டர் நார்மன் மேல் போகும். 200 மீட்டரில் வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலிய வெள்ளைக்காரர். கார்லோஸ் தன் கையுறையை மறந்து வந்துவிட, இருக்கிற ஜோடியை ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னவர் அவர்தான். அதனால்தான் ஒருவர் வலது கையையும் மற்றவர் இடது கையையும் தூக்கியிருக்கிறார்கள். நார்மனும் அவர்களுடைய மனித உரிமை பேட்ஜைக் குத்திக்கொண்டு நின்றார். ஸ்மித்தையும் கார்லோஸையும் அணியிலிருந்து நீக்கினார்கள், கொலை மிரட்டல் வந்தது. நார்மனின் 20.06 வினாடி 2024 வரை ஆஸ்திரேலியாவின் சாதனை. அந்த நாட்டு நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2012-ல். அவர் 2006-லேயே போய்விட்டார். அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: உங்கள் ஆண்கள் அணியில் யாராவது டேப் சுற்றினார்களா? போட்டோவில் தெரியவில்லை. ஒரு பையனாவது சுற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்.

விதியைப் படித்தாயா? ஒலிம்பிக்கிலேயே 2021-லிருந்து போட்டி தொடங்கும் முன்பு சைகை காட்டலாம், பதக்க மேடையில் கூடாது. உங்கள் போட்டிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார். தடை என்றால் எத்தனை நாள், யாரிடம் முறையிடுவது, எல்லாம் பார். டேப்பைக் கழற்று என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீ கேட்கமாட்டாய், கேட்கவும் வேண்டாம்.

மன்னிப்புக் கடிதம் எழுதித் தா என்பார்கள். கையெழுத்துப் போடாதே. உன்னோடு நின்ற இரண்டு பேரிடமும் பேசு, வக்கீல் ஒருவரைக் கேள், அப்புறம் முடிவு செய். ஐஸ் வை. ஞாயிற்றுக்கிழமை போன் செய். இல்லை, கடிதம் கிடைத்த அன்றைக்கே செய்.

அப்பா