அக்காவுக்கு, மறுபடியும் கீமோ பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

நோய் திரும்பியும் இனி மருந்து ஏற்றிக்கொள்வதில்லை என்று நீ முடிவெடுத்ததை உன் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போனில் பேசினால் பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். இதைப் பொதுவில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. ஆனாலும் சினைப்பையில் புற்றுநோய் வந்தது மறைத்து வைக்க வேண்டிய குற்றம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நம் உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் வீட்டு விஷயங்களை இங்கே தொடவில்லை.

"போன தடவை கேட்காத மருந்து இப்போது மட்டும் கேட்குமா?" என்று உன் மகளிடம் கேட்டாயாம். போன தடவை அது கேட்டது, அக்கா. கார்போபிளாட்டின் என்ற அந்தக் கீமோ மருந்தை நிறுத்தி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உன் ஸ்கேனில் ஒன்றுமில்லை. இந்த நோய் திரும்பும்போது மருத்துவர்கள் முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். ஆறு மாதத்துக்குள் திரும்பினால், கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகளுக்கு அசையாத செல்களே மிஞ்சியிருக்கின்றன என்று கருதிப் பெரும்பாலும் வேறு மருந்துக்குப் போவார்கள். அதைத் தாண்டினால் அதே மருந்து மறுபடியும் வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு, இடைவெளி நீள நீள அந்த வாய்ப்பும் கூடும். அப்படி நோய் சுருங்கிவிட்டால், பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஒலாபரிப் போன்ற மாத்திரையால் அந்த நிலையை நீட்டிக்கவும் முடிகிறது. உன்னுடைய அந்தப் பரிசோதனை முடிவு இன்னும் பிரிக்காத உறையில் கிடக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முழுக்கக் குணமாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை திரும்பிய பிறகு பெரும்பாலானோருக்கு அது மீண்டும் திரும்புகிறது, இடைவெளிகளும் பொதுவாகக் குறுகிக்கொண்டே வருகின்றன.

நீ எதற்கு அஞ்சுகிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. போன தடவை கீமோ நடந்தபோது ஒருநாள் சின்ன வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாய். அரிவாள்மனையில் விரல் அறுபட்டது உனக்கு உறைக்கவே இல்லை, தட்டில் வெங்காயத் தோல் சிவந்த பிறகுதான் குனிந்து பார்த்தாய். விரலைப் புடவையில் சுற்றிக்கொண்டு, "யாரிடமும் சொல்லாதே" என்றாய். நான் டாக்டரிடம் சொன்னேன். கார்போபிளாட்டினோடு சேர்த்து ஏற்றிய பேக்லிடாக்செல் என்ற மருந்தின் அளவை அவர் குறைத்தார். நீ என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாய். உன்னை மீறியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

விரலில் உணர்வே இல்லாத அந்த மரமரப்பைத் தந்தது முக்கியமாக பேக்லிடாக்செல். இந்த முறை அதற்குப் பதிலாக, கொழுப்பு உறைக்குள் அடைத்துத் தரும் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தைக் கார்போபிளாட்டினோடு சேர்க்க முடியும். அதில் நரம்புப் பாதிப்பும் முடி உதிர்வதும் குறைவு. உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியலாம். கார்போபிளாட்டினை மறுபடியும் ஏற்றும்போது ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் பக்கத்தில் இருந்து கவனிப்பார்கள். அவசரமும் இல்லை: உடம்பில் தொந்தரவு எதுவுமின்றி இரத்தப் பரிசோதனையில் நோயின் அறிகுறியாகப் பார்க்கும் சி.ஏ.-125 அளவு மட்டும் ஏறியதைப் பார்த்து உடனே கீமோ தொடங்குவதால் ஆயுள் நீள்வதில்லை என்று 2010-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பொறுத்திருந்து பார்ப்பதும் ஒரு வழிதான்.

வேண்டாம் என்பது உன் உரிமை. களைத்துவிட்டேன் என்று சொல், ஏற்றுக்கொள்கிறேன். மருந்து தோற்றுவிட்டது என்று மட்டும் சொல்லாதே. டாக்டரிடம் போய், இந்த முறை எதைச் சேர்த்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, அவரிடமே உன் முடிவைச் சொல். நான் கூட வரக்கூடாது என்றால் வரவில்லை.

இப்படிக்கு,
உன் தங்கை