எப்போது தெரிந்தது என்று கேட்டார்

நகோயா, ஜப்பான்,
17 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? அயனாவரத்தில் மழை எப்படி? தெருவில் தண்ணீர் நின்றதா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது, மரங்களெல்லாம் சிவந்துகொண்டு வருகின்றன.

போனில் பேசினால் 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்பதோடு முடிந்துவிடுகிறது. போன வாரம் நீங்கள், 'ஆபீசில் அவர்களோடு எப்படிம்மா பேசிச் சமாளிக்கிறாய்' என்று கேட்டீர்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று மனதில் இருந்தது. இன்று ஞாயிறு, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வரும்போது மொழிதான் பெரிய கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். சனி, ஞாயிறு எல்லாம் ஜப்பானிய வகுப்புக்கு ஓடியது உங்களுக்குத் தெரியுமே. ஆனால் நான் தப்பும் தவறுமாகப் பேசியதை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில்.

ஜூன் மாதம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பிராக்கெட் செய்து தரும் பட்டறையிலிருந்து சாம்பிள் வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் போன் செய்தேன். நமக்கும் இவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அங்கே அப்போதுதான் ஷிப்ட் தொடங்கியிருக்கும். 'முலாம் பூசுற இடத்துல லேட்டு மேடம், ரெண்டு நாள் தள்ளலாம், ஆனா முடிச்சிடலாம்' என்றார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படியாவது முடித்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மேலாளருக்கு எதற்கு வீண் கவலை என்றுகூட நினைத்தேன் அப்பா, மரியாதை என்றே நினைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவராகவே கேட்டார். சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'எப்போது தெரிந்தது?' என்று மட்டும் கேட்டார். செவ்வாய் என்றேன். நோட்டில் வரிசையாக ஐந்து கட்டம் போட்டார், திங்களிலிருந்து வெள்ளி வரை. செவ்வாயைச் சுற்றி ஒரு வட்டம். அதன் கீழே சின்ன எழுத்தில் எழுதினார்: பாதி எண்ணிக்கையை மட்டும் விமானத்தில் வரவழைத்திருக்கலாம், வாடிக்கையாளரிடம் சோதனை வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம், வேறு இடத்தில் முலாம் பூசியிருக்கலாம். வியாழன் கட்டத்துக்குக் கீழே ஒன்றே ஒன்று: மன்னிப்புக் கேட்பது. அப்புறம் போனை எடுத்து வாடிக்கையாளரிடம் அவரே மன்னிப்புக் கேட்டார். எதிரே ஆள் இல்லாவிட்டாலும் பேசப் பேச இடுப்பை வளைத்துக் குனிந்துகொண்டே இருந்தார். என் தவறுக்கு அவர் குனிகிறார், நான் பக்கத்தில் நிற்கிறேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள்தான் 'ஹோரென்சோ' பற்றி விளக்கினார். ஹோகொகு என்றால் நடந்ததை அறிக்கை செய்வது, ரென்ராகு என்றால் தொடர்புடையவர்களுக்குத் தகவல் சொல்வது, சோதான் என்றால் முடிவெடுக்கும் முன் கலந்து பேசுவது. மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஹோரென்சோ. இவர்கள் பேச்சில் அது பசலைக்கீரை மாதிரி ஒரு கீரையின் பெயரும்கூட. அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள். 1982-இல் யாமாதானே என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் தலைவர் தோமிஜி யாமாசாகி தன் நிறுவனத்தில் தொடங்கி வைத்தது இது. கீழே இருப்பவர்கள் பயமில்லாமல் மேலே வந்து பேசும்படி அலுவலகம் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம் என்கிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சொல்ல வந்தவள் மேல் எரிந்து விழுந்தால் அடுத்த முறை யார் வந்து சொல்வார்கள்? இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் டொயோட்டா தொழிற்சாலையில் லைனில் நிற்கும் தொழிலாளி ஏதாவது கோளாறு கண்டால் ஒரு கயிற்றை இழுப்பார். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார், அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நின்றுவிடும். கயிறு இருந்தாலும், இழுத்தவரை யாரும் திட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தானே கை அதற்குப் போகும்?

இன்னொன்று, 'ஹை'. ஆமாம் என்றுதான் வகுப்பில் படித்தோம். ஆனால் கூட்டத்தில் அவர்கள் வரிக்கு வரி 'ஹை, ஹை' என்பது 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு. நாம் கதை கேட்கும்போது உம் கொட்டுவோமே, அது மாதிரி. ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நான் இரண்டு முறை குறித்துக்கொண்டு ஏமாந்தேன். வேண்டாம் என்பதையும் நேராகச் சொல்லமாட்டார்கள். 'முசுகாஷீ தெஸ் நே' என்று இழுப்பார்கள், 'கொஞ்சம் கஷ்டம்தான்' என்று அர்த்தம். இது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. பெரியப்பா வீட்டில் ஏதாவது கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்களே, அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? நானும் சென்னையில் வேலை பார்த்தபோது பாதி புரியாமலே 'சரி சார்' என்று எத்தனை முறை தலையாட்டியிருக்கிறேன். இப்போது சொன்ன வேலையை என் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்: எது, எத்தனை, எந்தத் தேதிக்குள். இங்கே எல்லோரும் அப்படித்தான். மெட்ரோ ரயில் ஓட்டுநர்கூட வெள்ளைக் கையுறை போட்ட விரலால் சிக்னலைக் காட்டி வாய்விட்டுச் சொல்கிறார். நம்மூரில் லோகோ பைலட்டும் அசிஸ்டெண்டும் சிக்னல் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்வார்கள் என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஐ.சி.எஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்த உங்களுக்கு இது புதிதில்லை.

மரியாதையில் மட்டும் இன்னும் தடுமாறுகிறேன். எல்லோர் பெயருக்குப் பின்னும் 'சான்' சேர்க்க வேண்டும், அது சுலபம். ஆனால் வாடிக்கையாளரிடம் பேசும்போது நம் மேலாளரைக்கூட 'சான்' இல்லாமல் வெறும் பெயராகத்தான் சொல்ல வேண்டும். வெளியாள் முன்னால் நம் வீட்டு ஆளை உயர்த்திப் பேசக்கூடாதாம். வயதில் மூத்தவரை மொட்டையாகச் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. வெளியாரிடம் உங்களை 'அவன்' என்று சொல்வது மாதிரி இருக்கிறது. மனசுக்குள் ஒரு 'சார்' போட்டுக்கொண்டு சொல்கிறேன்.

அப்பா, ஒரு விஷயம். செப்டம்பரில் நீங்கள் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததைத் தம்பி எனக்குப் பன்னிரண்டு நாள் கழித்துச் சொன்னான். 'தூரத்துல இருக்க, எதுக்குக் கவலை' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டாம் என்றீர்களாம். அந்தப் பன்னிரண்டு நாளும் நாம் தினமும் பேசினோம், தினமும் 'எல்லாம் நல்லா இருக்கு' என்றீர்கள். எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த முறை டாக்டரைப் பார்த்தால் அன்றைக்கே சொல்லுங்கள். முழங்கால் எக்ஸ்ரே ரிப்போர்ட்டைத் தம்பியை விட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படிக்குக் கைப்பிடி போட எவ்வளவு ஆகும் என்று தெருக்கோடி வெல்டிங் கடையில் கேளுங்கள், இந்த மாதச் சம்பளத்தில் அனுப்புகிறேன்.

அன்பு மகள்,
கலா