கீ மாறினா கைய தூக்கினா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். குழந்தைங்களுக்கு ஆடவிட்டு நடக்கவிட்டு மியூசிக் சொல்லித்தர்றது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்ல விஷயம்தான், ஆனா கீ சேஞ்ச் (பாட்டோட ஆதார ஸ்வரமான ஸா வேற இடத்துக்கு நகர்றது) பத்தி எழுதின இடம் மட்டும் எனக்கு ஒப்பல. பாட்டு நடுவுல கீ மாறினா பிள்ளைங்க கைய மேல தூக்கணும்னு போட்டிருந்தீங்க. கடைசி ரவுண்டுல பாட்ட அப்படியே அரை ஸ்வரம் (கீபோர்டுல கருப்பு வெள்ளை எல்லாம் சேத்து அடுத்த கட்டை) ஏத்திப் பாடுவாங்களே, அதுக்கு ஓகே. ஆனா அதுல பிள்ளைக்கு புரியறது "மேல போச்சு"ங்கறது மட்டும்தான். கீ கீழயும் போகலாம், மெலடி அதே உயரத்துல இருக்கும்போதே அடியில ஸா மட்டும் நகர்ந்துரலாம், அப்போ கை என்ன பண்ணும்?

மொதல்ல ஸா எங்க இருக்குன்னு காலுக்கு தெரியணும். தரையில ஒரு வட்டம் போடுங்க, ஸ ரி க ம ப த நி வாசிச்சு நி-ல நிறுத்திட்டு சும்மா இருங்க. வட்டத்துக்குள்ள குதிக்காம பிள்ளைங்களால இருக்கவே முடியாது, அதுதான் ஸா. அப்புறம் கீய மாத்தி வாசிச்சு, பழைய வட்டம் இப்போ சரியா இருக்கான்னு கேளுங்க, இல்லன்னு தோணுறவங்க அடுத்த வட்டத்துக்கு நடக்கட்டும். கண்ண மூடிட்டு யோசிக்க சொல்லுங்க, இல்லன்னா பாதி பேர் பக்கத்துல நிக்கிறவன பாத்து நகர்ந்துருவான். ரொம்ப சின்ன பிள்ளைங்களுக்கு தாளம் சீக்கிரம் வந்துரும், ஸா நகர்றது காதுல பிடிபட கொஞ்சம் வயசு ஆகணும், அவசரப்பட வேண்டாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு இத பண்ணிப் பாருங்க. சாக்பீஸால ஒரே வரிசையா 20 கட்டம், ஒரு கட்டத்துக்கு அரை ஸ்வரம். 1, 3, 5, 6, 8, 10, 12, 13, 15, 17, 18, 20 இதுக்கு மட்டும் கலர் அடிங்க, 1-ல இருந்து 13 வரைக்கும் நடந்தா சங்கராபரணம், அதாவது மேஜர் ஸ்கேல். முழு அடி முழு அடி அரை அடி, முழு முழு முழு அரை, வாயால சொல்லிக்கிட்டே நடக்கணும் (முழு அடின்னா ரெண்டு கட்டம், அரை அடின்னா ஒண்ணு). நல்லா பழகினதும் அதே நடைய ப-ல இருந்து, அதாவது 8-ல இருந்து ஆரம்பிக்க சொல்லுங்க. எல்லாம் சரியா போகும், கடைசிக்கு முந்தின அடி மட்டும் 19-ல விழும், கலர் இருக்கறது 18-ல. அங்க பிள்ளை தயங்கி நிக்கும் பாருங்க, 1-அ சி-ன்னு வெச்சா 8 ஜி, 18 எஃப், 19 எஃப் ஷார்ப், சி மேஜர்ல இருந்து ஜி மேஜருக்கு போனா எஃப் ஏன் எஃப் ஷார்ப் ஆகுதுன்னு அந்த தயக்கத்துலயே புரிஞ்சுரும், ஏழுல ஆறு ஸ்வரம் அதே தான் மாறுறது ஒண்ணே ஒண்ணுன்னும் தெரிஞ்சுரும். ம-ல இருந்து, அதாவது 6-ல இருந்து நடந்தா 11-ல கால் விழும், கலர் இருக்கறது 12-ல, இந்த தடவை நி கீழ இறங்குது. (இன்னும் ரெண்டு கட்டம் போட்டு, கலர்ல மட்டுமே கால் வெச்சு த-ல இருந்து நடந்தா நடபைரவிங்கற வேற ராகம் வரும், அது கிரக பேதம், அதாவது ஸ்வரங்கள மாத்தாம ஸா-வ மட்டும் நகத்துறது, அது வேற கதை, ரெண்டையும் ஒரே கிளாஸ்ல கலக்காதீங்க.)

இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்லீங்க. ஜெனீவால ஹார்மனி சொல்லித்தந்த எமில் ஷாக் டால்க்ரோஸ் (1865–1950), பேப்பர்ல கார்டுகள (பல ஸ்வரம் ஒண்ணா ஒலிக்கறது) கரெக்டா எழுதுற ஸ்டூடன்ட்ஸால அத காதால கேக்க முடியலன்னு பாத்துதான் உடம்பு பக்கமே திரும்பினாரு. இப்பவும் 12 கீயையும் வட்டமா போட்ட சார்ட்ட மனப்பாடம் பண்ண வெச்சுட்டு அப்புறமா டான்ஸ் ஆட சொல்றாங்க, எனக்கு அது தலைகீழா படுது, நடந்து பழகின பிள்ளைக்கு அந்த சார்ட்ட பத்து நிமிஷத்துல விளக்கிரலாம்.

முடிஞ்சா அந்த 20 கட்டத்த ஒரு சின்ன படமா போடுங்க சார், எழுத்துல படிச்சு வரையறதுக்குள்ள பேரன்ட்ஸுக்கு தலை சுத்திரும்.

இப்படிக்கு,
ஒரு மியூசிக் டீச்சர்