வெளிநாட்டுப் பேச்சும் உள்நாட்டுக் கண்டனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராகுல் காந்தி வெளிநாட்டு மேடையில் ஏறும்போதெல்லாம் அவர் நாட்டின் மானத்தை வாங்கிவிட்டதாக பாரதிய ஜனதா கட்சி கொதித்தெழுவது வாடிக்கையாகிவிட்டது. இந்தக் கொதிப்புக்கு நாடு கொடுத்த விலையை 2023 மார்ச்சில் பார்த்தோம். இந்திய ஜனநாயகம் தாக்கப்படுவதாக கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் பேசியதற்கு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளும் கட்சியினரே நாடாளுமன்றத்தில் முழக்கமிட, அதானி குழுமத்தின் மீதான பங்குச்சந்தை முறைகேட்டுப் புகாரில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கோரி எதிர்க்கட்சியினரும் முழக்கமிட, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்க்கான செலவுத் திட்டத்துக்கும், அடுத்த நாளே நிதி மசோதாவுக்கும் மக்களவை விவாதமின்றி ஒப்புதல் அளித்தது. வரி செலுத்துவோருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு லண்டனில் நடந்துவிடவில்லை.

அந்தப் பேச்சில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கு நடப்பதை அமெரிக்காவும் ஐரோப்பாவும் உணரவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டது தேவையற்றது; அயலாரிடம் முறையிடுகிறார் என்ற பழிக்கு அவரே இடம் கொடுத்துவிட்டார். ஆயினும், இது இந்தியாவின் உள்நாட்டுப் பிரச்சினை, தீர்வும் உள்ளிருந்தே வர வேண்டும் என்று அதே பயணத்தில் அவர் கூறியதைக் கண்டனக்காரர்கள் வசதியாக விட்டுவிட்டார்கள்.

2015-இல் நிலைமை தலைகீழாக இருந்தது. அசுத்தம் செய்ய வேண்டியவர்கள் செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று முந்தைய ஆட்சியைக் குறித்து டொராண்டோவிலும், முன்பெல்லாம் இந்தியராகப் பிறந்ததற்கு வெட்கப்பட்டீர்கள் என்ற பொருளில் ஷாங்காயிலும் பிரதமர் மோடி பேசியபோது, நாட்டை அவமதித்துவிட்டார் என்று கூக்குரல் எழுப்பியது காங்கிரஸ். அன்று அதை ரசித்துக் கைதட்டியவர்களுக்கு 2023-இல்தான் தேசத்தின் மானம் நினைவுக்கு வந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், நெருக்கடிநிலைக் காலத்தில், பாரதிய ஜனதா கட்சியின் முன்னோடியான ஜனசங்கத்தின் மாநிலங்களவை உறுப்பினரான சுப்பிரமணியன் சுவாமி இந்திரா காந்தி அரசுக்கு எதிராக வெளிநாடுகளில் பிரசாரம் செய்தார். பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த நாட்டில், அவர் வேறு எங்கே போய்ப் பேசியிருக்க முடியும்?

இன்று லண்டனில் பேசுவது அடுத்த நிமிடமே சேலத்தில் கேட்கிறது. எனவே, எந்த மண்ணில் நின்று பேசினார் என்பதைவிட, சொன்னது உண்மையா என்பதையே நாம் கேட்க வேண்டும். இனி இத்தகைய கண்டன அறிக்கைகளை வெளியிடும்போது, கண்டிக்கப்படும் பேச்சின் முழு வடிவத்தையும், கண்டிக்கும் கட்சியின் தலைவர் அயல்நாட்டில் முன்பு பேசியதையும் அருகருகே அச்சிடுமாறு தங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.