மாத்திரை விட்டுப்போவதற்கு மனசு மட்டுமா காரணம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எய்ட்ஸ் தினத்தையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வருடத்துக்கு ஒரு நாளாவது எச்ஐவியோடு வாழும் எங்களை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள், நன்றி. கட்டுரையில் பெரும்பாலானவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "மனச்சோர்வுக்கு ஆளாகும் பெண்கள் மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன." அவ்வளவுதான். அடுத்த வரியிலேயே யோகா செய்யச் சொல்லிவிட்டுக் கட்டுரையாளர் கிளம்பிவிட்டார்.

எந்த ஆய்வு, எந்த ஊரில், யாரைக் கேட்டார்கள்? கிரிக்கெட் என்றால் கடைசி ஆட்டக்காரர் அடித்த ஒரு ரன்னைக்கூட விடாமல் போடுகிறீர்கள்.

அந்த வரி பொய் என்று நான் சொல்லவில்லை. மனசு சரியில்லாதவர்களுக்கு மருந்து விட்டுப்போகிறது என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. மனசு ஏன் சரியில்லை என்று கட்டுரை ஒரு இடத்திலும் கேட்கவில்லையே, அதுதான் என் கோபம். படித்து முடிக்கிறவர் 'இந்தப் பெண்களுக்கு மருந்தை இலவசமாகக் கொடுத்தும் விழுங்க மாட்டேன் என்கிறார்கள்' என்றுதான் நினைப்பார்.

நான் இருபது வருடங்களுக்கு மேலாக பாசிட்டிவ். நீங்கள் சொல்லும் ஆய்வுகளில் கேள்வி கேட்கப்பட்ட பெண்களில் நானும் ஒருத்தி. எச்ஐவி மருந்து கொடுக்கிற ஏஆர்டி மையத்தில் மாத்திரைக்கு வரிசையில் நிற்கும்போது படிக்கிற பிள்ளைகள் பேப்பரோடு வருவார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்லமாட்டேன். 'கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தது உண்டா? சில நாட்களா, பாதி நாட்களுக்கு மேலா, ஏறக்குறைய தினமுமா?' நாங்கள் சொல்லச் சொல்ல டிக் அடித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பேப்பரில் மாமியாருக்கு ஒரு கட்டம் கிடையாது. பஸ் காசுக்குக் கிடையாது. கேட்டுவிட்டுப் போன யாரும் திரும்பி வந்து 'அக்கா, நீங்கள் சொன்னதிலிருந்து இதைக் கண்டுபிடித்தோம்' என்று சொன்னதும் இல்லை. உங்கள் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம், நாங்கள் ஒழுங்கில்லாதவர்கள் என்று.

மாத்திரை எப்படி விட்டுப்போகிறது என்று நான் சொல்கிறேன். டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வரும். கூட்டுக் குடும்பத்தில் அந்தச் சத்தமே போதும், 'என்ன மாத்திரை அது?' என்று கேட்க. அதனால் டப்பாவில் பஞ்சு திணித்து வைத்திருக்கிற பெண்கள் உண்டு. லேபிளைக் கிழித்துவிட்டு சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் தங்க நேர்ந்தால் அன்று ராத்திரி மாத்திரை கிடையாது. இருப்பு குறைவு என்று ஒரு மாத மருந்துக்குப் பதில் பத்து நாளைக்குக் கொடுத்து அனுப்புவார்கள். தினக்கூலிக்குப் போகிறவள் பத்து நாளைக்கு ஒரு முறை கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். இதற்கெல்லாம் யோகாவில் ஆசனம் இருந்தால் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன்.

அப்புறம், மருந்தே மனசைக் கெடுத்த கதை. மூன்று மருந்தும் சேர்ந்து ஒரே மாத்திரையாகக் கொடுத்தார்களே, அதில் எஃபாவிரென்ஸ் என்று ஒன்று இருந்தது. ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தால், செத்துப்போன அப்பா கனவில் வந்து ரேஷன் கார்டு எங்கே என்று அதட்டுவார். சிரிக்காதீர்கள், அதுதான் இருந்ததிலேயே நல்ல கனவு. காலையில் தலை சுற்றும். நான் தையல் வேலை பார்க்கிறவள், ஊசி விரலிலேயே இறங்கியிருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் 'கவலையைக் குறைச்சுக்கோங்கம்மா' என்பார். அமெரிக்காவில் நான்கு மருந்துச் சோதனைகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014-இல் ஒரு ஆய்வு வெளியானது. எஃபாவிரென்ஸ் எடுத்தவர்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாம். எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் யாராவது 'இது உன் குற்றம் இல்லை, மாத்திரையாலும் வரும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது அது போய் டோலுடெக்ராவிர் வந்திருக்கிறது. நல்ல மருந்து, கனவுகள் ஓய்ந்துவிட்டன. ஆனால் உடம்பு போடுகிறது. தென்னாப்பிரிக்காவில் நடந்த அட்வான்ஸ் என்ற ஆய்வில் ஆண்களைவிடப் பெண்களுக்கே எடை அதிகம் கூடியது என்று கண்டார்கள். எங்கள் மையத்தில் இதைச் சொன்னால் 'முன்னைக்கு இப்போ நல்லா இருக்கீங்க' என்று வாழ்த்துகிறார்கள். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் உடம்புச் சூடு, தூக்கமின்மை, எரிச்சல் இவற்றில் எது மருந்தால், எது வயதால், எது வைரஸால் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. எப்படி இருப்பார்கள்? உலகத்தில் இந்த வைரஸோடு வாழ்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் மருந்துச் சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் பெண் என்று 2016-இல் ஒரு தொகுப்பாய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. ஆணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை எங்களுக்குப் போட்டுவிட்டு, சரியாகப் பொருந்தவில்லை என்றால் உடம்பைக் குறை சொல்கிறார்கள்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, இந்தியாவிலும் இந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, மாணவி நிர்மலா சென்னையில் ரத்தம் சேகரித்தார். அந்த இருவர் இல்லையென்றால் இந்த நாடு இன்னும் பல வருடம் தூங்கியிருக்கும், அதில் சந்தேகம் இல்லை. வேலூரில் சோதித்தபோது அந்த மாதிரிகளில் ஆறு பாசிட்டிவ் என்று வந்தது. எல்லாம் காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தம். அவர்களிடம் வந்துபோன ஆண்களை அடைத்து வைக்கக் காப்பகம் எதுவும் இல்லாததால் அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து பத்திரிகைக்காரர்களுக்கு இது பெண்கள் கொண்டுவந்த நோய்.

என் வீட்டிலும் அதே கதைதான். கர்ப்பமாக இருந்தால் ரத்தப் பரிசோதனை உண்டு, அதனால் முடிவு முதலில் பெண்ணின் பெயரில்தான் வரும். லாரி ஓட்டிய என் கணவர் பரிசோதனைக்கு வரவே மாட்டேன் என்றார். நான் முதலில் பாசிட்டிவ், ஆகவே நான் கொண்டுவந்தவள். அவர் இறந்தபின் மாமியார் வீட்டில் எனக்கும் பிள்ளைக்கும் தட்டு தனி, அப்புறம் வாசலே தனி. பிரசவத்தின்போது பிள்ளைக்குத் தொற்றாமல் இருக்க எனக்கு நெவிரபின் மாத்திரையும் குழந்தைக்கு மருந்தும் கொடுத்தார்கள். அவன் நெகட்டிவ், இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

2018 கடைசியில் தென் மாவட்டம் ஒன்றில் கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றிவிட்டார்கள் அல்லவா? எல்லாப் பத்திரிகையும் 'எந்தத் தவறும் செய்யாத அப்பாவிப் பெண்' என்று எழுதின. அந்தப் பெண்ணுக்காக நானும் அழுதேன். ஆனால் அப்பாவி அவர் என்றால், நான் யார் ஐயா? தாலி கட்டிக்கொண்டதைத் தவிர நான் செய்தது என்ன?

எழுத வேண்டியவை எத்தனையோ இருக்க, கட்டுரையில் அவற்றுக்கு இடம் இல்லை. மருந்தை ஒழுங்காக எடுத்து, சோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவால் அடுத்தவருக்குப் பரவாது. ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு, சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் காட்டியது. அது நடந்த ஊர்களில் சென்னையும் ஒன்று. நம் ஊர்த் தம்பதிகள் ரத்தம் கொடுத்து நிரூபித்த விஷயத்தை நம் ஊர்ப் பத்திரிகை எழுதவில்லை. எங்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. 25 வயதிலிருந்தே பரிசோதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என்னோடு வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஆந்திரக் கிராமங்களில் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய் பேசி, ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து துணை நின்றபோது பெண்களின் மனச்சோர்வு குறைந்தது என்று ஆய்வு இருக்கிறது. அதுவும் ஆய்வுதானே? அதைத் தேடி எடுக்க உங்கள் கட்டுரையாளருக்கு நேரம் இல்லை போலும்.

சட்டத்தைப் பற்றியும் மூச்சு இல்லை. எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் 2017-இல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சேர்ந்து வாழும் வீட்டிலிருந்து எங்களை வெளியேற்றக் கூடாது, சம்மதம் இல்லாமல் எங்கள் நிலையை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. எனக்கு அது ரொம்பத் தாமதம். இன்றைக்கு வாசலில் நிற்கிற ஒருத்திக்கு உதவலாம்.

உங்களுக்குத் தெரியாதது எதையும் நான் எழுதிவிடவில்லை. பெரிய மறுப்பு, வருத்தம் எதுவும் போட வேண்டாம். இரண்டே வேண்டுகோள். தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097, கட்டணம் இல்லாதது. அதை அடுத்த இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படுகிற எழுத்தில் போடுங்கள். இன்னொன்று, முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கிற பெண்ணின் நிழல் படத்தை இனி எங்கள் செய்திக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் அதே படம்தான்.

கடிதம் நீளம் என்று வெட்டினால் என் வீட்டுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், சட்டத்தையும் எண்ணையும் விட்டுவிடுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம். பிள்ளைக்குப் பெண் பார்க்கும் காலம் வரப்போகிறது.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி