கல்லறை இல்லாத தீவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் வந்த மொரீஷியஸ் பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். போர்ட் லூயியில் பஸ் ஏறி, கிராண்ட் பேயில் இறங்கி, படகில் கேப்ரியல் தீவுக்குப் போய் மாலையில் திரும்பிய ஒரு நாளைக் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருக்கிறார். கடலின் நிறத்துக்கு மட்டும் இரண்டு பத்திகள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, எங்கள் கடல் அப்படிப்பட்டதுதான். ஆனால் அடுத்து ஒரு வரி வருகிறது: "கதையும் இல்லை, கல்லறையும் இல்லை, மனிதச் சுவடே படாத தீவுகள்." அந்த வரியை ஆசிரியர் குழுவில் ஒருவர்கூடவா நிறுத்திப் படிக்கவில்லை?

1856 ஜனவரியில் ஹைதரி, ஃபத்தே முபாரக் என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கான கூலிகளை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தன. கப்பலில் காலரா. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த நோய் இந்த நாட்டைச் சூறையாடியிருந்தது. அந்தப் பயத்தில் வந்தவர்களைத் துறைமுகத்துக்குள் விடாமல் கேப்ரியல் தீவில் இறக்கினார்கள். புயலும் மழையும் அடிக்கும் மாதம், ஒதுங்க ஒழுங்கான கூரை கிடையாது. ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள். செய்தி இந்தியாவை எட்டியதும், மொரீஷியசுக்கு ஆள் அனுப்புவதையே அந்த ஆண்டு நிறுத்திவைத்தார்கள். இவ்வளவும் தங்களுக்குத் தெரியாதது அல்ல. கட்டுரையாளர் துண்டு விரித்துப் படுத்த மணல் அந்தத் தீவின் மணல்தான்.

பக்கத்துத் தீவான பிளாட் தீவுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். கடைசியாகப் போனது என் பேத்தியோடு. நோயாளிகளை ஒதுக்கிவைத்த கட்டடத்தின் கருங்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. புதர்களுக்குள்ளே கல்லறைகள் இருக்கின்றன. ஒரு கல்லின் மேலிருந்த கொடியை விலக்கிவிட்டு, எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று என் பேத்தி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எழுத்து இல்லை. "இவர்களுக்குப் பெயர் இல்லையா, தாத்தா?" என்று கேட்டாள். கீழே கரையில் சுற்றுலாப் படகிலிருந்து பாட்டும், மீன் சுடும் புகையும் வந்துகொண்டிருந்தன. நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

கல்கத்தாக் கப்பல்தானே, செத்தவர்கள் தமிழர்கள் இல்லையே என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சென்னையிலிருந்தும் இதே போலத்தான் ஏற்றி அனுப்பினார்கள். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து என் பாட்டனாரின் தகப்பனாருடைய பதிவு நகலை வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு எண், உயரம், இடது முழங்கையில் ஒரு தீத்தழும்பு. ஊர்ப்பெயரை எழுதிய குமாஸ்தா அதை எப்படிக் கேட்டாரோ, இன்றுவரை எந்த வரைபடத்திலும் அந்த ஊரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சுப்பிரமணியனைச் சூப்ராமணியன் ஆக்கிய அதே பேனாதான். அதற்காக எங்களைத் "தமிழ்ப் பெயரைக்கூடச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள்" என்று சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழிலேயே ஒருவர் எழுதினார். அப்போதும் கடிதம் போட்டேன். வெளிவரவில்லை.

1998இல் இங்கே புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நாங்கள் தெருவில் இறங்கினோம். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசையிலேயே அச்சிட்டார்கள். எங்கள் வாழ்நாளில் தமிழுக்காக நாங்கள் வென்ற காரியம் அது. உங்கள் இதழை மாதம் தவறாமல் புரட்டிப் பார்த்தேன், ஒரு வரி இல்லை. தைப்பூசம் வந்தால் மட்டும் காவடிப் படம் ஒன்று வண்ணத்தில் வரும், அதற்குக் கீழே "கடல் கடந்த பக்தி" என்று இருக்கும். முப்பத்திரண்டு ஆண்டுகள் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். படத்துக்கு வெளியேயும் நாங்கள் இருக்கிறோம், ஐயா.

கட்டுரையாளர் கிராண்ட் பே பஸ்சைப் பிடித்த நிலையத்தின் பெயர் இமிக்ரேஷன் ஸ்கொயர். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவர் யாரையாவது கேட்டிருக்கலாம். அங்கிருந்து சில எட்டு நடந்தால் ஆப்ரவாசி காட். கப்பலிலிருந்து இறங்கிய கூலிகள் கால்வைத்து ஏறிய கற்படிகள் அங்கே இருக்கின்றன. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ரோஸ்ஹில்லிலிருந்து நான் பஸ்சில் வந்தால் விக்டோரியா நிலையத்தில் இறங்கி, நகரத்தைக் குறுக்கே நடந்துதான் அந்த பஸ்சுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தப் படிகளின் பக்கம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் ஏறுவேன். அவருக்கு அந்த இடத்தில் பஸ் தாமதமானது மட்டும் நினைவிருக்கிறது.

என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உங்கள் இதழ் வருகிறது. தபாலில் ஆறு வாரம் கழித்து வந்தாலும், உறை கிழியாமல் பிரித்துப் படிக்கும் வீடு இது. அந்த உரிமையில் கேட்கிறேன். அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி, 1856ஆம் ஆண்டையும் இரண்டு கப்பல்களின் பெயரையும் போடுங்கள். மூன்று வரி இடம் போதும். என் கடிதத்தை வெளியிட இடம் இல்லையென்றால் இதை விட்டுவிடுங்கள், அந்தத் திருத்தத்தை விட்டுவிடாதீர்கள். இதழ் வந்ததும் பேத்தியிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்