தாமதமாகும் இணையத்தளங்களும் ‘லைன்’ மீது போடப்படும் பழியும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

அரச அலுவலகங்களின் சேவைகள் ஒவ்வொன்றாக இணையவழிக்கு மாறி வருவதைப் பாராட்டிப் பலரும் எழுதி வருகின்றனர். சான்றிதழ்ப் பிரதி, கடவுச்சீட்டுக்கான திகதி முற்பதிவு, பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம் என்று, முன்னர் தபாலையும் கொழும்புப் பேருந்தையும் நம்பியிருந்த காரியங்கள் பல இன்று இருந்த இடத்திலிருந்தே செய்யத்தக்கவையாகி விட்டன என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால், அந்தத் தளங்கள் திறப்பதற்கு எடுக்கும் நேரத்தைப் பற்றி எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. யாழ். நகரில் தொடர்பாடல் நிலையம் ஒன்றை நடத்தி, பிறருடைய விண்ணப்பங்களை நாள்தோறும் நிரப்பிக் கொடுப்பவன் என்ற வகையில் அதைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

பக்கம் திறவாமல் நின்றால், கடைக்கு வருபவர்கள் “நெற் ஸ்லோ போல” என்பார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அழைப்பெடுத்தாலும், “உங்கட பக்கம் லைன் சரியில்லை” என்ற பதிலே கிடைக்கும். அதே நேரத்தில், அதே இணைப்பில், பக்கத்துக் கணினியில் ஒரு பிள்ளை பாடக் காணொளியைத் தடங்கலின்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். காணொளிக்குப் போதுமான இணைப்பு நாலு வரி விண்ணப்பத்துக்கு மட்டும் போதாமற் போவது எப்படி? இணைப்பு மோசமாயிருக்கும் இடங்கள் தீவுப்பகுதியிலும் வன்னியிலும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், நான் காணும் தாமதங்களிற் பெரும்பாலானவை பக்கத்தை உருவாக்கியவர்களின் கவனயீனத்தால் வருபவை.

முதலில் பக்கத்தின் பாரத்தைச் சொல்ல வேண்டும். இன்று இணையத்தில் வழங்கும் யுனிகோட் முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைற் இடத்தைப் பிடிக்கிறது. ஆங்கில எழுத்துக்கு 1 பைற் போதும். அப்படியிருந்தும், நான் எழுதும் இக்கடிதம் முழுவதையும் அனுப்ப ஏறக்குறைய 30 கிலோபைற் போதுமானது. தளத்தை வைத்து வழங்கும் கணினியான சேவரில் சுருக்கி அனுப்பினால் அதிலும் மிகக் குறையும். கைத்தொலைபேசியில் எடுத்த புகைப்படம் ஒன்றோ 3 அல்லது 4 மெகாபைற் வரும். அதாவது, இதுபோன்ற நூறு கடிதங்களுக்கு மேல். இந்நிலையில் திணைக்கள அறிவித்தல்கள் எப்படி வெளியாகின்றன? கணினியில் தட்டச்சு செய்த கடிதத்தை அச்செடுத்து, ஒப்பமும் முத்திரையும் இட்டு, மீண்டும் ஸ்கான் செய்து, படமாகவே பீடிஎவ் கோப்பில் ஏற்றுகிறார்கள். இரண்டு பக்க அறிவித்தல் பல மெகாபைற் ஆகிவிடுகிறது. அதில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றோருக்கு அது வெற்றுத் தாள்தான். தளத்தின் உச்சியில் சிறியதாகத் தெரியும் அமைச்சரின் படமும், சுவரொட்டி அடிக்கக்கூடிய பருமனிலேயே வந்து இறங்குகிறது. அவரைப் பார்ப்பதற்கான டேற்றாவுக்கும் காசு கொடுப்பவர் விண்ணப்பதாரரே.

அடுத்தது தூரம். கண்ணாடியிழைக் கேபிளுக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சேவரை வாடகைக்கு எடுத்து அங்கே தளத்தை வைத்தால், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தடவை போய்வரக் குறைந்தது செக்கனில் ஏழில் ஒரு பங்காவது ஆகும். அது சிறு நேரந்தானே என்று தோன்றலாம். பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளவே அப்படி மூன்று நான்கு தடவை போய்வர வேண்டியிருப்பதால், முதல் எழுத்துத் தெரியுமுன்னரே அரைச் செக்கன் கழிந்துவிடும். அதன்பின் படம், எழுத்துரு, விளம்பரம் எனப் பல கோப்புகளை வெவ்வேறு இடங்களிலிருந்து அழைத்தால் தாமதம் அடுக்கிக்கொண்டே போகும். மாறாத பக்கங்களின் பிரதியைக் கொழும்பு, சென்னை, சிங்கப்பூர் போன்ற அண்மைய நகரங்களில் வைத்து வழங்கும் சேவைகள் நீண்ட காலமாகவே உள்ளன. அவற்றுட் சில இலவசமாகவும் கிடைக்கின்றன.

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் இரவுகளைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பக்கம் வரவில்லை என்றதும் எல்லோரும் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். முன்னர் அனுப்பிய கோரிக்கையைச் சேவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே புதியதும் வந்து வரிசையில் நிற்பதால், அவசரப்படுபவர்களே வரிசையை நீட்டுகிறார்கள். அதற்காகப் பதற்றத்திலிருக்கும் பிள்ளைகளைக் குறைசொல்வது நியாயமாகாது. பெறுபேறு வெளியான பின் அன்றிரவு அது மாறப்போவதில்லை. ஒவ்வொருவர் கேட்கும்போதும் தரவுத்தளத்தைக் கிண்டாமல், முன்கூட்டியே ஆயத்தஞ்செய்த பாரமற்ற எழுத்துப் பக்கமாக அதைக் கொடுப்பது தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குப் பெரிய வித்தையல்ல.

எனக்கு எல்லாவற்றிலும் கூடிய சினத்தைத் தருவது நேர எல்லை. பல மென்பொருள் மேடைகளில் இயல்பாகவே, 20 அல்லது 24 நிமிடம் அசைவில்லாதிருந்தால் பயனரை வெளியேற்றும் ஏற்பாடு இருக்கும். தளத்தை அமைப்பவர்கள் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அண்மையில் நெடுந்தீவிலிருந்து ஒரு தாயார் மகளின் ஆவணமொன்றுக்காக வந்திருந்தார். பெயர், முகவரி, பெற்றோர் விபரம் எல்லாம் நிரப்பி, ஒரு பழைய சான்றிதழை வீட்டாரைக் கொண்டு றங்குப்பெட்டிக்குள் இருந்து தேடி எடுப்பித்து, அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, வந்ததும் ஏற்றி, அடுத்த பொத்தானை அழுத்தினோம். வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. “தம்பி, இது இன்னும் சுத்திக்கொண்டு நிண்டா எனக்குக் கடைசி வள்ளம் போயிடும்” என்றார். சற்று நேரத்தில் தளம் எங்களை வெளியேற்றிவிட்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. உள்ளே சென்று பார்த்தால் நிரப்பியது எதுவுமே இல்லை. நெடுந்தீவுக்குப் புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளம் காத்திருக்காது என்பதால் அவரை அனுப்பிவிட்டு, மிகுதியைப் பின்னர் தொலைபேசியிற் கேட்டு நானே நிரப்பினேன். நிரப்பியதை இடையிடையே சேமித்து வைத்திருந்தால் இத்தனை அலைச்சல் வந்திராது.

கைத்தொலைபேசியில் மூன்று செக்கனுக்கு மேல் எடுக்கும் பக்கங்களுக்கான வருகைகளில் 53 வீதமானவை இடையிலேயே கைவிடப்படுகின்றன என்று கூகிள் நிறுவனம் 2016 இல் தெரிவித்தது. இப்போது அந்நிறுவனம், பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பதை நல்ல பக்கத்துக்கான அளவாக வைத்திருக்கிறது. வியாபாரிகள் இதைக் கேட்டுத் திருந்துகிறார்கள். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்த கடை ஏது? விலகிச் செல்ல வழியில்லாதவர்களுக்கான தளத்தை யாரும் அவசரப்பட்டுத் திருத்துவதில்லை.

தமிழ்ச் செய்தித்தளங்களையும் இதில் விட்டுவிட முடியாது. தலைப்பொன்றை அழுத்த விரலைக் கொண்டுபோகும் கணத்தில் மேலே ஒரு விளம்பரம் வந்து செருக, பக்கம் முழுவதும் கீழே சரிந்து, மாகாண சபைச் செய்தியை வாசிக்கப் போனவர் நகைக்கடையில் நிற்கிறார். படத்துக்கும் விளம்பரத்துக்குமான அகல உயரத்தை முன்கூட்டியே குறித்து இடம் ஒதுக்காததுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். இன்னும் சில தளங்கள், தொலைபேசிகளிலேயே தமிழ் எழுத்துரு இருக்கையில், அழகுக்காக மூன்று நான்கு எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து அனுப்புகின்றன. அவை வந்து சேரும்வரை வாசகர் வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாகாண, மத்திய அலுவலகங்கள் இனித் தளம் அமைக்கக் கேள்விப்பத்திரம் கோரும்போது, பக்கத்தின் பாரத்துக்கும் திறக்கும் நேரத்துக்கும் எல்லை குறித்து, அதை நிறைவேற்றிய பின்பே இறுதிக் கொடுப்பனவை வழங்க வேண்டும். பரிசோதனையைக் கொழும்பு அலுவலகத்தின் புதிய கணினியிற் செய்யாமல், விலை குறைந்த கைத்தொலைபேசியில், முற்கொடுப்பனவு டேற்றாவில், ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ இருந்து செய்ய வேண்டும். தமிழ்ப் பக்கத்தையும் அவ்வாறே தனியாகச் சோதிக்க வேண்டும். சிங்களப் பக்கம் திறந்தால் தமிழ்ப் பக்கமும் திறக்கும் என்று எடுத்துக்கொள்வது எங்கள் அனுபவத்திற் சரிவரவில்லை. அறிவித்தல்களின் ஸ்கான் பிரதியை வைத்திருப்பதானால் வைத்திருக்கட்டும். அதன் பக்கத்தில் எழுத்து வடிவத்தையும் இடுவதற்கு ஓர் எழுதுவினைஞரின் சிறிது நேரம் போதும்.

தங்கள் பத்திரிகையின் இணையப் பதிப்பைப் பராமரிப்பவர்களிடமும், முதற்பக்க விளம்பரங்களுக்கு இடம் ஒதுக்கி வைக்குமாறும், தானாக ஓடும் காணொளிகளை நிறுத்துமாறும் தாங்கள் சொல்ல வேண்டுமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தொடர்பாடல் நிலைய உரிமையாளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.